போடுறதைப் போடுங்க

மாஸ்டருக்கு நானூறு பேருக்குச் சமைக்கத் தெரியும். நாலு பேருக்குச் சமைக்கத் தெரியாது என்பது மட்டும் அவருக்கே தெரியாமல் இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

தொழிற்சாலை கேன்டீனில் அவர்தான் தலைமைச் சமையல்காரர். ஆள் இறங்கிக் கழுவவேண்டிய அண்டாக்கள், துடுப்பு மாதிரி கரண்டிகள், விடியும்போதே லாரியில் வந்து இறங்கும் மூட்டைகள் என்று அது தனி ராஜ்யம். உப்பைக் கரண்டியால் அளந்து போடுகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். கேன்டீனில் இப்படிக் கொடிகட்டிப் பறந்தவர் வீட்டில் அடுப்பு இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. "நாள் பூரா அங்க வேகுறேன், இங்க வந்தும் வேகணுமா?" என்பார். அதுவும் நியாயம்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

வீட்டில் அவரையும் சேர்த்து நாலு பேர். மனைவி, பத்தாவது படிக்கும் மகள், அப்புறம் மாஸ்டரின் அப்பா. பெரியவருக்குப் பல்லெல்லாம் போய்விட்டது, நாக்கு போகவில்லை. ருசி பார்ப்பதற்கும் குறை சொல்வதற்கும் அதை ஓயவிடாமல் வைத்திருந்தார்.

மனைவி ஒரு தையல் கடையில் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே மனசில் கிடந்த ஆசை. வயது வரம்பை எட்டிவிட்டதால் இந்த வருஷம் விட்டால் அப்புறம் கிடையாது. ஆனால் பயிற்சிக்குப் போனால் தையல் கூலி நின்றுவிடும். வாடகையில் கைவைக்க முடியாது, மகளின் படிப்பில் கைவைக்க முடியாது. கைவைக்க மிச்சம் இருந்த ஒரே இடம் மளிகையும் காய்கறியும்தான். அந்தச் செலவு பாதியாகக் குறைந்தால் படிப்பு உண்டு. இல்லையென்றால் பழையபடி மிஷின்தான்.

"பாதியாக்கிடலாங்க," என்றாள் அவள், கதவைச் சாத்திடலாம் என்று சொல்கிற மாதிரி. சொன்னபடி ஆக்கியும் காட்டினாள். எப்படி ஆக்கினாள் என்று யாரும் கேட்கவில்லை. தட்டில் குறை தெரிந்தால்தானே கேட்பதற்கு? மாஸ்டர் எப்போதும்போலப் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார், எப்போதும்போலக் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

வம்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. விடியுமுன் எழுந்து சமைத்து, வகுப்புக்கு ஓடி, திரும்பும் வழியில் கடைகளுக்குப் போய், வந்து சமைத்து, பிறகு புத்தகத்தைத் திறந்தால் அவளுக்குக் கண் சொருகியது. வகுப்புக்குத் தாமதமாகப் போய் ஏற்கெனவே பேச்சு வாங்கியிருந்தாள். இன்னொரு தரம் தாமதமானால் பெயரை எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். முதல் பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் அவள் அடுப்பின் முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டாள். கரண்டி கீழே விழுந்த சத்தத்தில்தான் மாஸ்டர் பேப்பரைத் தாழ்த்தினார்.

"நாளையிலேர்ந்து சமையல் என் பொறுப்பு," என்றார்.

"சமைக்கிறது சரிங்க. கடைக்கு நானே..."

"கடையும் நானே. லாரி லாரியா இறக்குறவனுக்கு ரெண்டு பூசணிக்காய் வாங்கத் தெரியாதா?"

"அதில்லைங்க, அங்க ஒரு முறை இருக்கு."

"நீ போய்த் தூங்கு," என்று கையை உயர்த்தினார் மாஸ்டர். வாய்ச்சவடால் என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு அவருக்குக் கோபம் வந்திருக்கும்.

முதல் வேலையாக ஒரு சிலேட்டுப் பலகை வாங்கி வந்து சமையலறைச் சுவரில் மாட்டினார். கேன்டீனில் பட்டியல் இல்லாமல் அடுப்பு பற்றாது. திங்கள் பூசணி, செவ்வாய் முட்டைக்கோஸ், புதன் உருளை, வியாழன் பருப்பு, வெள்ளி மீன் என்று கேன்டீன் பட்டியலையே சுண்ணக்கட்டியால் எழுதினார். எழுத்து அழகாகத்தான் இருந்தது.

கை மட்டும் அடங்கவில்லை. அண்டாவுக்குப் பழகிய கை ஒரு சின்னப் பாத்திரத்துக்கு மேலே நின்று என்ன செய்யும்? முதல் நாள் உப்பு போட்டார். பெரியவர் ஒரு வாய் வைத்தார். "டேய், இதைக் கடல்லேர்ந்து நேரா கொண்டாந்தியா?" என்றார். உப்பைச் சரிக்கட்ட மாஸ்டர் தண்ணீர் ஊற்றினார், தண்ணீரைச் சரிக்கட்டப் பூசணியைச் சேர்த்தார், பூசணியைச் சரிக்கட்ட மறுபடி உப்பு. கடைசியில் நாலு பேர் வீட்டில் தெருவுக்கே போதுமான பூசணி தயாராகியிருந்தது. வியாழக்கிழமை வந்தும் திங்கட்கிழமை தீரவில்லை. வெள்ளியன்று மகள் அதைச் சொல்லாமல் கொள்ளாமல் குப்பையில் போட்டுவிட்டாள்.

கடைத்தெருவில் அவர் இன்னும் ஜோராக இருந்தார். மனைவி துணிவெட்டுகளைச் சேர்த்துத் தைத்த பல வண்ணப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கேன்டீன் வேலை முடிந்ததும் நேராகக் காய்கறி வரிசைக்குப் போவார். ஒவ்வொரு காயாக எடுத்து, தட்டி, முகர்ந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, குவியலின் அடியிலிருந்து ஒன்றை உருவுவார். பிறகு விலையைப் பாதியில் ஆரம்பித்துப் பேரம் பேசுவார். வரிசையின் கோடியில் இருந்த காய்கறிக்காரி முதல் நாளே பையைப் பார்த்துவிட்டாள்.

"இது தையக்கார அக்கா பையாச்சே? அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவதா அண்ணே?"

"நான் அவ வீட்டுக்காரர்தான். இனிமே நான்தான் வருவேன்."

"அப்படியா," என்று அவள் முகம் மலர்ந்து, ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த கூடையைக் கிட்டே இழுத்தாள். "பையைப் பிடிங்க."

மாஸ்டர் கூடைக்குள் பார்த்தார். வெடித்த பூசணி, கோணல் வெள்ளரி, இரண்டு கால் முளைத்த கேரட், காலிஃபிளவரின் வெறும் இலையும் தண்டும், அமுங்கிய தக்காளி. அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இதையெல்லாம்தான் இத்தனை நாள் தன் மனைவி தலையில் கட்டினார்களா? பேசத் தெரியாதவள் என்று ஏய்த்திருக்கிறார்கள்.

"குப்பையை எல்லாம் என் பொண்டாட்டி தலையில கட்டுறியா?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

காய்கறிக்காரி கூடையை மெதுவாகப் பழைய இடத்துக்கே தள்ளினாள். "சரிண்ணே. வேணுங்கறதைப் பொறுக்கிக்கங்க. விலை பலகையில இருக்கு," என்றாள். அதன் பிறகு பேரத்துக்கும் அவள் பதில் சொல்லவில்லை.

அன்று அவர் வாங்கியது கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. விலையும் அதற்கேற்றபடிதான். மாதம் பாதிகூடத் தாண்டவில்லை, அரிசி டப்பாவில் டம்ளர் அடியைத் தொட்டுக் கரகரத்தது. எண்ணெய் தீர்ந்தது. மளிகைக்கென்று ஒதுக்கிய பணம் அதற்கும் முன்னாலேயே தீர்ந்திருந்தது. மாஸ்டர் வீட்டில் மூச்சுவிடவில்லை. எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று நினைத்தார், எப்படி என்பதை மட்டும் நினைக்காமல்.

ஒரு நாள் சாயங்காலம் மனைவி பரணிலிருந்து தன் பெரிய தையல் கத்திரியை இறக்கி, துணியால் துடைத்து, மிஷின் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா அது?"

"சும்மாதாங்க. துருப்பிடிச்சிடக் கூடாதுன்னு."

புத்தகம் பக்கத்தில் மூடிக் கிடந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும். டப்பாவைத் திறந்து பார்த்திருப்பாள், ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்திருப்பாள். பரீட்சைக்கு மூன்று நாள் இருந்தது. தன் வாயால் தான் கெடுத்த காரியம் இது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது.

மறுநாள் அவர் காய்கறி வரிசைக்குப் போனபோது தோளில் பை இருந்தது, குரல் இல்லை. கோடிக் கடையின் முன்னால் போய் அசடு வழிய நின்றார்.

"அன்னிக்கு ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதம்மா. அவ எப்படி வாங்குவான்னு மட்டும் சொல்லு."

காய்கறிக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மனிதர் நிஜமாகவே தவித்துப்போயிருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

"அக்கா எதையும் கையால தொட மாட்டாங்க அண்ணே. வர்றவங்க எல்லாரும் அமுக்கிப் பார்ப்பாங்க, கிள்ளிப் பார்ப்பாங்க, ஒடிச்சுப் பார்ப்பாங்க. அவங்க போனப்புறம் பாதி எனக்கு வீண். அக்கா வந்து பையை விரிச்சுப் பிடிப்பாங்க. 'போடுறதைப் போடுங்க'ன்னு சொல்லிட்டு முகத்தை அந்தப் பக்கமா திருப்பிக்குவாங்க. ரொம்ப வருஷம் முன்னாடி கொஞ்ச நாள் அப்படி வாங்கினாங்க. இப்ப மறுபடி."

"பார்க்கவே மாட்டாளா?"

"ஒரு நாளும் பார்த்ததில்ல."

"நீ ஏமாத்தினா?"

அவள் சிரித்தாள். "பார்க்காம நிக்கிறவங்களை எப்படிண்ணே ஏமாத்துறது? விலையைக் கேட்க மாட்டாங்க, நான் சொல்றதைக் கொடுப்பாங்க. எனக்கே கூச்சமா இருக்கும். நல்லதாவும் நாலு எடுத்து சேர்த்துப் போட்டுடுவேன்."

இருபது வருஷமாக அவர் பேரம் பேசாமல் ஒரு வெங்காயம் வாங்கியதில்லை. பேரம் பேசிப் பேசி அவர் ஒருநாளும் தொடமுடியாத விலைக்கு, வாயைத் திறக்காமல், கண்ணையும் திருப்பிக்கொண்டு ஒருத்தி வாங்கியிருக்கிறாள். அந்தக் காயை வாங்குவது பெரிதில்லை. எது விழுந்தாலும் சமைப்பேன் என்கிற கை இருந்தால்தான் அப்படி வாங்க முடியும். அது சமையல்காரருக்குத்தான் புரியும். மாஸ்டருக்குப் புரிந்தது.

அவரும் பையை விரித்தார். போடச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பினார். எதிரே ஒரு சுவர், அதில் உரிந்த சுவரொட்டி. பைக்குள் கனமாக ஏதோ விழுந்தது. பிறகு லேசாக, சரசரவென்று. பிறகு பொத்தென்று மெத்தென்று. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. இத்தனை பேர் சாப்பிட்ட கைக்குச் சொந்தக்காரருக்கு, ஒரு துணிப் பைக்குள் என்ன இருக்கிறது என்ற பயத்தில் உள்ளங்கை வேர்த்தது.

மனைவி வாங்கும் மளிகைக் கடையைக் காய்கறிக்காரிதான் காட்டினாள், அங்கும் அதே கதைதான். பையைப் பார்த்ததும் கடைக்காரர், மூட்டைகளின் அடியில் மிஞ்சிக் கலந்துபோன பருப்புகளை ஒரு பொட்டலமாகக் கட்டினார், உடைந்த அரிசியைத் தனியாக நிறுத்தார். ரொட்டிக் கடையில் முந்தின நாள் ரொட்டி காத்திருந்தது. அந்தத் தெருவில் மாஸ்டரை ஒருவருக்கும் தெரியாது. அவர் தோளில் தொங்கிய பையை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இருந்த கொஞ்சக் காசிலேயே பை நிறைந்து வழிந்தது.

வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் பையைக் கொட்டினார். கொட்டிவிட்டுப் பேந்தப் பேந்த விழித்தார். சுவரில் செவ்வாய் முட்டைக்கோஸ் என்று எழுதியிருந்தது. தரையில் முட்டைக்கோஸ் இல்லை.

மகள் பள்ளிக்கூடப் பையை இறக்கிவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா பையா?" என்றாள். பிறகு கீழே உட்கார்ந்து, கேட்காமலே பிரிக்க ஆரம்பித்தாள். "இது இன்னிக்கே போயிடும்பா. இது நாளைக்கு வரைக்கும் தாங்கும். இது கிடக்கட்டும், ஒரு வாரம் இருக்கும். அம்மா முதல்ல இப்படித்தான் பிரிப்பாங்க. எது முதல்ல சாகுமோ அதைத்தான் முதல்ல கவனிக்கணும்னு சொல்வாங்க."

"யாருக்குச் சமைக்கிறோம், என்ன சமைக்கிறோம்னு பார்க்க மாட்டாளா?"

"அது அப்புறம்பா."

மாஸ்டர் எழுந்து சிலேட்டைக் கழற்றி ஈரத் துணியால் துடைத்தார். அப்போது அவருக்கு ஒன்று தோன்றி, துணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். இருபது வருஷமாக அவர் சமைத்தது மொத்தம் ஐந்தே நாள். அதே ஐந்தை வாரம் தவறாமல் திரும்பத் திரும்பச் சமைத்திருக்கிறார். இந்தச் சின்ன அறையிலோ ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் இருந்திருக்கவே முடியாது. பை எப்படி விழுந்ததோ அன்றைக்கு அப்படி. அத்தனை நாளும் அவர் எதிரில்தான் வந்து போயிருக்கிறது, அவர் பேப்பர் படித்திருக்கிறார்.

பிறகு அவர் சமைத்தார். கரண்டியால் அளந்துதான் உப்பு போட்டார். அமுங்கிய தக்காளிகளை முதலில் அடுப்பில் ஏற்றிக் கெட்டியாகும்வரை வற்றவிட்டார். காலிஃபிளவர் இலைகளை நரம்பு நீக்கி நறுக்கினார், தண்டைத் தோல் சீவினால் உள்ளே வெள்ளரிக்காய் மாதிரி பிஞ்சாக இருந்தது. கேன்டீனில் முட்டைக்கோஸின் தண்டை வாரம் தவறாமல் பன்றிக்கு அனுப்பிக்கொண்டிருந்தோமே என்று நினைத்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். பூசணியின் வெடித்த பக்கத்தை மட்டும் சீவிவிட்டு மிச்சத்தைப் பருப்போடு வேகவைத்தார். விதையைக் கழுவி வறுத்தார். நாலு வகைப் பருப்பு ஒன்றாக வெந்தபோது எழுந்த வாசனையை அவரால் எந்தப் பெயரிலும் சேர்க்க முடியவில்லை. உடைந்த அரிசி பாதி நேரத்தில் வெந்துவிட்டது, அடுப்பில் எரிவாயுவும் மிச்சம். பழைய ரொட்டியை உதிர்த்துக் கொதிக்கும் பருப்பில் தூவினார், குழம்பு கெட்டியானது. ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும்போதும் இது அவளுக்கு முன்பே தெரியும் என்பதும் கூடவே தெரிந்தது. வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு பெரிய மலையை அப்போதுதான் அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

மனைவி வகுப்பு முடிந்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசனை பிடித்துவிட்டது. கைகால் கழுவி வந்து உட்கார்ந்தாள். மாஸ்டர் பரிமாறினார். பெரியவர் முதல் வாயை நாக்கில் உருட்டிவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினார்.

"இன்னிக்குத்தான்டா நம்ம வீட்டுல சாப்பிடுற மாதிரி இருக்கு. இவ்வளவு நாள் எங்க போய்ச் சாப்பிட்டோம்னு தெரியல."

அவள் ஒரு தண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். "அந்தக் கோடிக் கடைக்குப் போனீங்களா?"

"போனேன். பையை விரிச்சேன். பார்க்காம நின்னேன்." மாஸ்டர் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். பேப்பர் எங்கோ கிடந்தது. "எனக்குக் கைகால் உதறிடுச்சு. நானும் சமையல்காரன்தான், எனக்கே அப்படின்னா உனக்கு எப்படிம்மா அந்தத் தைரியம் வந்துச்சு? என்ன விழுந்தாலும் பார்த்துக்கலாம்னு திரும்பி நிக்க எங்க கத்துக்கிட்ட?"

அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. தட்டில் விரலால் கோடு கிழித்தாள்.

"தைரியமெல்லாம் இல்லைங்க. முன்னாடி ஒரு தடவை ஃபேக்டரியைப் பூட்டிட்டாங்களே, நம்ம பொண்ணு அப்ப நடக்கக்கூட ஆரம்பிக்கல. கையில இருந்த காசுக்கு எதைக் கேட்டாலும் பத்தாது. அதான் கேட்கவே வேணாம்னு பையை விரிச்சு, போடுறதைப் போடுங்கன்னேன். அந்தம்மா ஒதுக்கி வச்சதை எடுத்து எடுத்துப் போட்டாங்க. பார்த்தா அங்கயே அழுதுடுவேன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அவ்வளவுதான்."

பெரியவர் வாய்க்குக் கொண்டுபோன கையைத் தட்டிலேயே இறக்கினார்.

"வீட்டுக்கு வந்து கொட்டினப்போ முதல் நாள் எனக்கும் கை நடுங்குச்சு," என்றாள். "அப்புறம் நடுங்கல."

மாஸ்டருக்கு அந்த வருஷம் நன்றாக நினைவிருந்தது. வேலை போன நண்பர்கள் நடுவில் உட்கார்ந்து, எங்க வீட்டுல ஒரு வேளைகூடப் பட்டினி இல்ல என்று மார்தட்டியது நினைவிருந்தது. ஏதோ தன் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தார். இப்போது அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. எந்தப் பள்ளியிலும் கற்றுக்கொள்ளாமல், யாரும் கைதட்டாமல், ஒரு அவமானத்தை எடுத்து இவ்வளவு பெரிய வித்தையாக ஆக்கியிருக்கிறாள். அவளோடு ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறோம் என்பதே அவருக்குப் பெரிய விஷயமாகத் தோன்றியது.

அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதையும் முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். நேத்து தையல் கடைக்காரரைப் பார்த்தேன். ஒண்ணாம் தேதியிலேர்ந்து வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பரிமாறிய கரண்டி மாஸ்டர் கையிலேயே நின்றுவிட்டது.

"கடையைச் சாத்த இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு," என்று அவள் புத்தகத்தை எடுத்து மடியில் பிரித்தாள். "அவ வரலையாம்னு நீங்க போய்ச் சொல்லிட்டு வர்றீங்களா? எனக்குப் படிக்கணும்."

மாஸ்டர் கரண்டியை மகள் கையில் திணித்துவிட்டு எழுந்தார். செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கவில்லை, வெறும் காலோடு தெருவில் இறங்கி ஓடினார்.